விலகச் சொல்லாத படக்காரர்

மதுரை கோரிப்பாளையம் தர்காவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு படக்காரர் இருந்தார். ஊருக்கெல்லாம் படக்கார பாய். பெயரையும் எழுதலாம்தான். எழுதினால் அவருடைய பேரன்களில் ஒருவராவது, எங்கள் நன்னா அப்படி இல்லவே இல்லை என்று சண்டைக்கு வந்து நிற்பார். நான் எழுதப்போவது பெரும்பாலும் நல்லதுதான். ஆனாலும், நல்லதைச் சொன்னால் சண்டை வராது என்று நம்புகிற வயதை நான் தாண்டி ரொம்ப நாளாகிறது.

ஒல்லியான ஆள். சிவப்புத் துருக்கிக் குல்லாய் போடுவார். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கும்போது மட்டும் அதைக் கழற்றி, பக்கத்தில் யார் நின்றாலும் அவர் கையில் கொடுத்துவிடுவார். ஒரு தடவை தாசில்தார் கையிலேயே கொடுத்திருக்கிறார். குல்லாயைத் தரையில் வைக்க மாட்டார், பெட்டி மேலும் வைக்க மாட்டார். முன்கோபி வேறு. டீ நன்றாக இல்லையென்றால் கடைக்காரரோடு பேச்சை நிறுத்திவிடுவார். மறுநாளும் அதே கடையில்தான் வாய் பேசாமல் டீ குடிப்பார். சொன்ன நேரத்துக்கு வருகிற பழக்கம் கிடையாது. தாமதத்துக்கு அவர் சொல்கிற காரணங்கள் மட்டும் கேட்க நன்றாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற இந்த மனிதருக்கு ஒரே ஒரு வார்த்தை வராது. "விலகுங்க" என்கிற வார்த்தை.

படம் பிடிக்கிறவருக்கு அதுதானே முதல் வார்த்தை. அவருடையது மூன்று காலில் நிற்கிற பழைய மரக் காமிரா. கண்ணாடித் தகட்டில் படம் விழும். லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, வாய்க்குள்ளேயே எண்ணி, மறுபடி மூட வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு எண்ணுவார். மரநிழலில் எட்டு வரை போகும். அந்த எட்டு எண்ணுவதற்குள் குறுக்கே ஒருவர் நடந்தால் படத்தில் அவர் இருக்க மாட்டார். அவர் போன வழியில் ஒரு புகை மட்டும் இருக்கும். மற்ற படக்காரர்கள் இதற்காகவே இரண்டு முரட்டு ஆட்களைக் கூட்டி வந்து, தெருவைக் காலி செய்துவிட்டுத்தான் மூடியில் கை வைப்பார்கள். நம் பாய் நிற்பார். கை மூடி மேலேயே இருக்கும். மாடு போகும், வண்டி போகும், ஒருவர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்று காமிராவை ஆதியோடந்தமாகப் பார்ப்பார். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர்களாகப் போனால் சரி. போகவில்லையென்றால் அவர்களையும் சேர்த்தே படம்.

பழங்காநத்தத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் பெரியப்பா ஒருவர், பங்காளிச் சண்டையில் பத்து வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். வந்தவர் மணமக்களுக்கு நேர் முன்னால், நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நகரச் சொல்ல வீட்டாருக்குப் பயம். சொன்னால் இன்னொரு பத்து வருஷம். பாய்க்குச் சாடை காட்டினார்கள். பாய் குல்லாயைக் கழற்றி அந்தப் பெரியப்பாவின் மடியிலேயே வைத்துவிட்டுத் துணிக்குள் போனார். படத்தில் பெரியப்பா மடியில் குல்லாயோடு ஜம்மென்று இருக்கிறார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் பெண்ணின் ஒரு தோளும் தெரிகின்றன. அந்த வீட்டில் இன்றைக்கும் அதற்குப் பெரியப்பா கல்யாணப் படம் என்றுதான் பேர்.

ஏன் பாய் இப்படி என்று அவரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை, "வெரட்டுனா மூஞ்சி மாறிரும் மாப்ள. அப்புறம் கோவப்பட்ட ஊரத்தான் படம் புடிக்கணும்" என்றார். இரண்டாவது தடவை, "எங்கம்மா சின்னதுல சொல்லிருக்கு, உக்காந்த ஆள எழுப்பாதடான்னு" என்றார். மூன்றாவது தடவை டீ சரியில்லாத நாள். "எனக்குத் தொண்ட சரியில்ல, சத்தம் போட முடியாது, போறீயா" என்றார். நான் ரொம்ப நாள் நம்பியது மூன்றாவதைத்தான்.

அவரோடு நான் பழகியது ஒரு பூங்காவால். யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. வைகைக்கு வடகரையில் ஒரு பழைய தோட்டம் கிடந்தது. எந்த ராஜா வைத்தது என்பதற்கு ஊரில் மூன்று கதை இருந்தது. நடுவில் படிக்கட்டு இறங்கிய சின்னக் குளம், குளத்துக்கு மேற்கே பதினாறு கால் மண்டபம், சுற்றிலும் கல் மதில். இரண்டு தலைமுறையாக யாரும் சீந்தாமல் கருவேலமும் கள்ளியும் மண்டி, குளம் தூர்ந்து, மண்டபத்துக்குள் ஆடு கட்டியிருந்தார்கள். அதைப் பழையபடி ஆக்கவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல், வக்கீலய்யா என்போம். ரோஜா என்றால் அவருக்கு உயிர். கமிட்டிக்குக் காகிதம் எழுத ஒரு குமாஸ்தா தேவைப்பட்டது. சோழவந்தான் பக்கம் வயலும் கிணறுமாக இருந்த குடும்பத்தில் நான் மூன்றாவது பிள்ளை. எழுத்து அழகாக இருக்கும், வெயிலில் வேலை செய்ய விருப்பமில்லை. இரண்டு தகுதியும் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பூங்கா மாறுவதை மாதாமாதம் படம் பிடித்து, ஆல்பம் போட்டு, திறப்பு விழாவில் கலெக்டர் துரை கையில் கொடுப்பது வக்கீலய்யாவின் யோசனை. அதற்குத்தான் பாய் வந்தார்.

முதல் நாள் பூங்காவை நாலு தரம் சுற்றி வந்து ஐந்து இடம் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் காமிராவின் மூன்று காலுக்கும் மூன்று கல்லைத் தரையோடு தரையாகப் புதைத்தார். மாதம் ஒரு நாள் வந்து அதே கல்லில் அதே கால்களை நிறுத்தி அதே படத்தை எடுப்பார். ஒரு படத்துக்கு மேல் இன்னொன்றை வைத்தால் மதிலும் மண்டபமும் இம்மி பிசகாது. மாறியது எதுவோ அதுமட்டும் கண்ணில் படும். முள் போயிருக்கும். குளத்தில் நாலாவது படி தெரியும், அடுத்த மாதம் ஏழாவது படி தெரியும். உலகத்தில் எங்கும் நேரத்துக்குப் போகாதவர், அந்தப் பூங்காவுக்கு மட்டும் சூரியன் மதிலைத் தாண்டுவதற்குள் வந்துவிடுவார். காலை வெயில் சாய்ந்து விழுந்தால்தான் கல்லுக்குக் கல் பிரிந்து தெரியும் என்பார்.

குளத்தில் தூர் வாரிய நாட்களில் மேஸ்திரி, பாய் தலையைக் கண்டதும் கூலியாட்களை விரட்ட ஆரம்பித்துவிடுவார். "இந்தா, எல்லாம் கரையேறுங்க, படம் எடுக்கணும்ல" என்று கம்பை ஆட்டுவார்.

"இருக்கட்டும் மேஸ்திரி" என்பார் பாய். "தூர் வாரற படத்துல தூர் வாரறவுக வேணாமா? அப்புறம் சேறு தானா நடந்து வெளிய போச்சுன்னு நெனைச்சுக்கிரப் போறாக."

மண் சுமந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வடக்கு மதிலுக்கு வெளியே இருந்த குடிசைகளைச் சேர்ந்தவர்கள். மேலூர் ரோட்டுக் கிராமங்களில் பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்று, அதுவும் இல்லாமல் போனபோது ஊருக்குள் வந்தவர்கள். ஊர்க் கிணறுகளில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் இதை யாரும் ஒளித்துப் பேசவில்லை. நானும் ஒரு நாள் கூட அதிசயப்பட்டதில்லை. வடக்கு மதிலில் ஓரிடத்தில் கல் சரிந்து ஒரு வழி இருந்தது. வடக்கு வாசல் என்று பெயருக்குச் சொல்வோம். அதில் நுழைந்ததும் ஆலமரத்தடியில் ஒரு கிணறு. பூங்கா பாழாய்க் கிடந்த வரைக்கும் அந்தக் கிணற்றில் இறைக்காதே என்று சொல்ல ஆள் இல்லை. அவர்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவைச் சீராக்கும் திட்டத்தில் அந்த வழி அடைபட வேண்டும். மதிலை முழுசாகக் கட்டி, வடக்கே ரோஜாப் பாத்தி போட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரை ரோஜாவுக்குப் பாய்ச்சுவதாக ஏற்பாடு. மதிலை அடைப்பதற்கு முன், அந்த வழியை யாராவது உபயோகிக்கிறார்களா என்று நேரில் பார்த்து எழுதும்படி வக்கீலய்யா என்னை அனுப்பினார்.

கார்த்திகை மாதம். காலை பதினோரு மணிக்குக் குடையும் கையுமாகப் போனேன். ஈ காக்காய் இல்லை. கால் மணி நேரம் நின்றேன். ஆலமரத்திலிருந்து ஒரு அணில் இறங்கி வந்தது. திரும்பி வந்து என் அழகான எழுத்தில், "வடக்கு வாசல் பொதுஜன உபயோகத்தில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மழைக்காலத்தில் வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடும்போது, அதுவும் பதினோரு மணிக்கு எல்லோரும் கூலிக்குப் போயிருக்கும்போது யார் குடம் எடுத்து வருவார்கள்? எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டுக் கிணறு கொல்லையிலேயே இருந்தது. தண்ணீருக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு காலம் உண்டு என்று தெரிந்துகொள்ளாமலே எனக்கு இருபத்தெட்டு வயதாகியிருந்தது.

தை மாதத்துப் படங்கள் வந்தன. நாலு படம் பளிச்சென்று இருந்தன. வடக்கு வாசல் படத்தில் மட்டும் வழி நெடுகப் புகை.

"என்னப்பா இது, தகடு கெட்டுப்போச்சா?" என்றார் வக்கீலய்யா.

மாசியிலும் புகை, முன்னைவிட அதிகம். அடுத்த தடவை பாய் வந்தபோது நானும் விடியற்காலையிலேயே போய் நின்றேன். பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மதிலின் அந்தச் சந்தில் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு வெளியே போக, இன்னொருத்தி உள்ளே வருவாள். பாய் மூடி மேல் கை வைத்தபடி அவர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். வழி ஒழிவதாக இல்லை. கடைசியில் அவர்கள் நடக்க நடக்கவே எட்டு எண்ணி மூடினார்.

மூக்காயி என்று ஒரு பெண். குளத்தில் மண் சுமப்பவள், வாய்த் துடுக்கு. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "பாயி, அந்தத் துணிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு, நானும் பாக்கேன்" என்று வந்தாள். பாய் துணியைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே காமிராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உள்ளேயே சிரித்தாள்.

"அம்புட்டுப் பேரும் தலகீழால்ல போறாளுக. ஒரு சொட்டு சிந்தலயே பாயி."

வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஐயா, மதிலு வைக்கப் போறாகளாம்ல? மேஸ்திரி சொன்னாரு. கோடையில ஆத்துல ஊத்துத் தோண்டுனா அரக் கொடம் தேறாது. பிள்ளகுட்டிய வச்சுக்கிட்டு நாங்க எங்கிட்டுப் போறது?"

"கமிட்டி முடிவு பண்ணும் மூக்காயி" என்றேன்.

முடிவு பண்ணியாயிற்று, அதுவும் நான் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் பண்ணியாயிற்று என்பதை அவளிடம் சொல்லவில்லை. வக்கீலய்யாவிடம் போய், தப்பாக எழுதிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்து எழுது என்று அனுப்பிய ஒரே வேலையில் தப்புப் பண்ணிய குமாஸ்தாவை எந்தக் கமிட்டி வைத்துக்கொள்ளும்? இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பாய் இதெல்லாம் தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை, தெரியாத மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை. காமிராவை மடக்கிப் பெட்டியில் வைத்து, "டீ குடிக்கப் போவமா மாப்ள" என்றார்.

பின்னாளில் யுத்தம் வந்து தகடு வரத்து நின்றபோது அவர் ஒரு சின்னப் பெட்டிக் காமிரா வாங்கினார். விசையைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் படம் விழுந்துவிடும். குறுக்கே யார் போனாலும் புகையாக மாட்டார்கள். காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போதும் மனிதர் காத்திருந்தார். கீழமாசி வீதியில் ஒரு நாள் அரைமணி நேரம் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றவரை நானே பார்த்திருக்கிறேன். சும்மா தட்ட வேண்டியதுதானே என்றேன். "பழகிப்போச்சு, நிக்காம எடுத்தா திருடுன மாதிரி இருக்கு" என்றார். நாலாவது காரணம்.

பூங்கா வேலை நடந்த அந்த வருஷம், பங்குனிக் கடைசி. பூங்கா அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. குளத்தில் பதினெட்டுப் படியும் தெரிந்தன. மண்டபத்துத் தூண்களில் சுண்ணாம்பைச் சுரண்டியபோது யாளிகள் வெளியே வந்தன. ஊர்ச்சனம் சாயங்காலம் வந்து முன்வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனது. அடுத்த மாதம் திறப்பு விழா. மிச்சம் வடக்கு மதில் ஒன்றுதான். அதை அடைக்கக் கலெக்டர் ஆபீசுக்கு எழுத வேண்டும், எழுதும்போது என்னுடைய குறிப்போடு ஒரு படமும் வைக்க வேண்டும் என்றார் வக்கீலய்யா.

"புகை இல்லாம ஒரு படம். வேலையாளுங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லி எடுக்கச் சொல்லு. அந்த பாய் சொல்ல மாட்டாராமே? நீ போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டிருந்தது. ஊறி ஊறித்தான் இறைக்க வேண்டும். அதனால் பெண்கள் விடியும்போதே வந்து, கிணற்றிலிருந்து மதில் சந்தைத் தாண்டி வெளியே வரைக்கும் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, முறை வருகிற வரை அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். பாய் மூன்று கல்லில் மூன்று காலையும் நிறுத்திவிட்டு, குல்லாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு மூடி மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நிற்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு அவர் எனக்காக நிற்கிறார் என்று புரிந்தது.

"எல்லாரும் கொஞ்சம் மதிலுக்கு அங்கிட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "படத்துல ஆளு தெரியக்கூடாது."

மூக்காயி எழுந்து நின்றாள். "ஆளுகதான போகணும்?"

"ஆமா."

"வேற ஒண்ணும் இல்லயே?"

"இல்ல. ஆளுக போனாப் போதும்."

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக மதிலுக்கு வெளியே போனார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கடைசியாகப் போனாள். அவர்கள் போவதைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. கிணற்றுக்கு முதுகைக் காட்டி, குல்லாயைப் பிடித்தபடி, பாயின் முகத்தைப் பார்த்து நின்றேன். எட்டு எண்ணி மூடினார்.

மறுநாள் மாலை படத்தை வாங்கிப் போக அவர் கடைக்குப் போனேன். மாடியில் வெயிலில் அச்சுப்போட்டுக் கழுவி, கொடியில் போட்டிருந்தார். எடுத்துக் கையில் கொடுத்தார். புகை துளிகூட இல்லை. ஆலமரத்து விழுதெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. மனுஷர் ஒருவர் கூட இல்லை. கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும், வாசலைத் தாண்டி வெளியேயும், குடங்கள். மண்குடம், ஒட்டுப்போட்ட தவலை, வாய் உடைந்த பானை, ஒரு தகர டின் கூட. எட்டு எண்ணுகிற நேரம் அவை ஒன்றும் அசையவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் நிற்கிற மாதிரி நின்றது.

தண்ணீருக்கு நிற்கிற எந்தப் பெண்ணும் ஆள் போனாலும் குடத்தை எடுக்க மாட்டாள். குடம் இருந்தால் முறை இருக்கிறது. அடுத்தவள் குடத்தை ஒரு சாண் நகர்த்தினால் ஒரு மாதத்துக்குச் சண்டை. மதுரையில் பிறந்த எந்தக் கைப்பிள்ளைக்கும் இது தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. வெட்கத்தில் முதுகைக் காட்டி நின்றவனுக்குக் குடம் அங்கேயே நிற்பது எப்படித் தெரியும்?

"பாய், இது உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றேன்.

"எனக்கு வயசாச்சு மாப்ள. கண்ணு மங்கல்" என்றார். கொக்கு பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்கிற கண்.

"வேற ஒண்ணு எடுத்துருவமா?"

"எடுக்கலாம், எனக்கென்ன. நீங்க காலையில வந்து ஒவ்வொரு கொடத்துக்கிட்டயும் விலகச் சொல்லுங்க. கேட்டா எடுப்போம்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் கேலி இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். குறுக்கே நிற்கிறவர் தானாகப் போகட்டும் என்று நிற்பாரே, அதே நிற்பு. படத்தை வாங்கிக் காகிதத்தில் சுற்றினேன். அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை.

கமிட்டி மண்டபத்தில் கூடியது. படம் மேஜைக்கு வந்ததும் பஞ்சு வியாபாரியான ஒரு மெம்பர், "என்னய்யா, கொசவன் சூளை மாதிரி இருக்கு. கிழிச்சுப் போட்டு வேற எடுக்கச் சொல்லுங்க" என்றார். வக்கீலய்யா பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"முப்பத்தொண்ணு" என்றார். "யாரு கொடம்ப்பா இதெல்லாம்?"

நான் மேஜைக்குக் கிட்டே போனேன். "மதிலுக்கு வெளிய இருக்கவுக கொடம். தெனமும் வாராக. கோடையில இதுதான் அவுகளுக்குத் தண்ணி."

"யாரும் வாரதில்லன்னு ஒரு குறிப்பு இருக்கே?"

"நான்தான் எழுதினேன். மழைக்காலத்துல, நேரங்கெட்ட நேரத்துல போய்ப் பாத்துட்டு எழுதிட்டேன். தப்பு. தப்புன்னு தெரிஞ்சும் இத்தன நாளா சொல்லாம இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று முடிவு கட்டி நின்றேன். வக்கீலய்யா பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தார். அவர் பெரிய தர்மவான் என்று நான் சொல்ல மாட்டேன். ரோஜாவை நினைத்து முகம் வாடியதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் வக்கீல் வக்கீல்தான்.

"இப்படி ஒரு படம் இருக்கறப்ப, இல்லைன்னு ஒரு காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். "நாப்பது வருஷம் கோர்ட்டுல நின்னவன். நாளைக்கு இது எதிர்க்கட்சிக்காரன் கையில இருந்தா என் மானம் என்னாகும்? ஏம்ப்பா, நீ எழுது. வடக்குப் பக்கத்துக் குடித்தனக்காரர்களின் சௌகரியத்தை உத்தேசித்து, கமிட்டியார் பெரிய மனசு பண்ணி, ஒரு இரும்புக் கதவும் கிணத்துக்குப் புது உருளையும்... எழுதுறியா?"

எழுதினேன். என் வாழ்க்கையில் அத்தனை வேகமாக எதையும் எழுதியதில்லை. கமிட்டியார் மனசு அவ்வளவு பெரிதா என்று யார் கேட்கப் போகிறார்கள். பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டும். ரோஜா தெற்கே குளத்தங்கரைக்குப் போயிற்று. அங்கே வெயில் தாங்காமல் பாதி கருகியது. அதற்கு வக்கீலய்யா ஒரு வருஷம் என்னைத்தான் குற்றம் சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை.

திறப்பு விழாவன்று கலெக்டர் துரை ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, முள்ளிலிருந்து மண்டபம் எழுந்து வருவதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். கமிட்டியாரை உட்கார வைத்துப் பாய் குரூப் படம் எடுத்தார். முன்ஜாக்கிரதையாக இன்னொன்று எடுத்துவிடும் என்று வக்கீலய்யா சொன்னதற்கு, தகடு தீர்ந்துபோச்சு என்று கூசாமல் பொய் சொன்னார். கூட்டம் கலைந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். பெட்டியில் ஒரு தகடு இருந்தது.

புது இரும்புக் கதவு திறந்து கிடந்தது. மூக்காயி தண்ணீரெடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். காமிரா நிற்பதைப் பார்த்து, கதவுக்கு நடுவில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, அவளாகவே நின்றுவிட்டாள்.

"எம்புட்டு நேரம் நிக்கணும் பாயி?"

"எட்டு எண்ற வரைக்கும் தாயி."

இடுப்பில் நிறைகுடம். கண் இமைக்கவில்லை. நானும் மனசுக்குள் எண்ணினேன். பாய் அன்றைக்கு ரொம்ப நிதானமாக எண்ணினார்.

ஒரு வாரம் கழித்து என்னிடம் இரண்டு பிரதி கொடுத்தார். ஒன்று மூக்காயிக்கு என்றார். இன்னொன்று யாருக்கு என்று சொல்லவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கிணற்றடியில் ஒன்றை அவளிடம் நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். பெண்கள் கூடிவிட்டார்கள். தன் முகத்தைப் படத்தில் அதுவரை பார்த்திராதவள், முதலில் முகத்தைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் விரல் கதவில் போய் நின்றது.

"கதவு தொறந்துதான ஐயா இருக்கு இதுல?"

"தொறந்துதான் இருக்கு மூக்காயி."

"நாளப்பின்ன வேற யாராச்சும் வந்து பாத்துப்பிட்டு, இங்கிட்டு யாருமே வாரதில்லன்னு எழுதினா, இதக் காட்டலாம்ல?"

குத்திக்காட்டினாளா, தெரியாமல்தான் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காட்டலாம் என்றேன். பிறகு, மேஸ்திரி மூலமாகவாவது அவளுக்குத் தெரியவரட்டும் என்று காத்திருக்காமல், "முன்னால அப்படி எழுதினது நான்தான்" என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"அப்ப இன்னொண்ணு இருக்குல்ல, அத நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

நேரே ஆபீசுக்குப் போனேன். பூங்காக் கோப்பைத் திறந்து, என் அழகான எழுத்தில் இருந்த அந்த ஒரு வரிக் குறிப்பின் மேலேயே படத்தை ஒட்டினேன். யாரும் பிய்த்துப் பார்க்க முடியாதபடி, கோந்தைக் கொஞ்சம் அதிகமாகவே தடவினேன்.